ஆயர்களுக்குச் சம்பளம் போட நாங்கள் பட்ட பாடு

கிராமத்து ஆயர்களுக்கு மாதக் கணக்கில் சம்பளம் பாக்கி. அந்த நேரத்தில்தான் எங்கள் லுத்தரன் திருச்சபையின் நிதிக்குழுவுக்கு வந்து சேர்ந்தேன். பட்ஜெட்டில் துண்டு விழுவது புதிதல்ல. ஆனால் இந்த முறை அசந்துபோகும் அளவுக்கு விழுந்திருந்தது.

கூட்டத்தில் முதலில் எழுந்த குரல், "ஜெர்மனிக்கு எழுதுங்கள், ஸ்வீடனுக்கு எழுதுங்கள்" என்பதுதான். அந்தக் காலம் போய்விட்டது என்று புரியவைக்கவே பெரும்பாடு. வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின் (எஃப்.சி.ஆர்.ஏ.) 2020 திருத்தத்துக்குப் பிறகு வெளிநாட்டுப் பணம் எல்லாம் முதலில் டெல்லி ஸ்டேட் வங்கிக் கிளைக் கணக்கில்தான் வந்து இறங்க வேண்டும். நிர்வாகச் செலவுக்கு 50 சதவீதம் வரை இருந்த வரம்பு 20 ஆகிவிட்டது. விடுதிக்கென்று வந்த பணத்தை எடுத்துச் சம்பளம் போடவே முடியாது. தயவுசெய்து யாரும் அந்த யோசனைக்குத் தலையாட்டாதீர்கள்.

அடுத்து வங்கியில் போட்டிருந்த வைப்புநிதி. அறக்கட்டளைக் காணிக்கைகளைத் தொடக் கூடாது என்று முடிவு செய்து, பொதுநிதியின் வைப்பு ரசீதுகளை மட்டும் எடுத்துப் பார்த்தோம். ஒரு பழைய வைப்பில் பான் எண்ணே இணைக்கப்படவில்லை! அதனால் வட்டியில் 10 சதவீதத்துக்குப் பதில் 20 சதவீதம் வரி பிடித்திருக்கிறார்கள், அதுவும் நம் வரிக்கணக்கில் ஏறவில்லை. திருத்திக் கேட்க வங்கிக்குப் போனால், பழைய பொருளாளர் பெயர்தான் இன்னும் இருக்கிறது, தீர்மான நகல் வேண்டும் என்றார்கள். நகலோடு போனோம். தலைவர் கையெழுத்து இருக்கிறது, செயலாளர் கையெழுத்து இல்லையே என்று திருப்பி அனுப்பினார்கள். பொறுப்பாளர்கள் மாறியதும் இருவர் கையெழுத்தும் முத்திரையுமாக நாலைந்து நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பாதி அலைச்சல் மிச்சம்.

உண்மையான வழி சேகரங்களில்தான், அதாவது ஊர்ச் சபைகள் சேர்ந்த வட்டாரங்களில்தான், இருந்தது. பல சேகரங்கள் மத்திய நிதிக்குப் பங்குத்தொகை அனுப்புவதையே நிறுத்தியிருந்தன. "கேட்டுக் கேட்டு அலுத்துப்போச்சு, அவங்க தரமாட்டாங்க" என்று அலுவலகத்தில் ஒரே பாட்டு. நேரில் போய்ப் பார்ப்போம் என்று கிளம்பினேன். ஒரு கிராமத்துப் பொருளாளர் அறுப்பின் பண்டிகை ஏலக் கணக்கை நோட்டோடு எடுத்து வந்து விரித்தார். பூசணிக்காய், நெல் மூட்டை, சேவல் என்று ஒவ்வொன்றுக்கும் எடுத்தவர் பெயர், தொகை, வசூலான தேதி, எல்லாம் பிசகில்லாமல் இருந்தது. பணமும் வங்கியில் பத்திரமாக இருந்தது.

"ஐயா, போன வருஷம் கட்டினதுக்கே ரசீது வரல. சபையார் கேட்டா நான் எதைக் காட்டுறது?" என்றார்.

எனக்குப் பேச்சே வரவில்லை. திரும்பி வந்து விசாரித்தால், கட்டிய பணத்துக்கான ரசீதுகள் எழுதப்படாமலே அலமாரியில் கிடக்கின்றன. "ஆள் இல்லை, நேரம் இல்லை" என்றார் அலுவலக எழுத்தர், நிமிர்ந்துகூடப் பார்க்காமல். கோபத்தை அடக்கிக்கொண்டு நாங்களே உட்கார்ந்து எழுதினோம். அப்புறம் ரசீதுப் புத்தகத்தோடு சேகரம் சேகரமாகப் போனோம். காசோலையை வாங்கியதும் அங்கேயே ரசீது. போன வருஷத்து ரசீதும் கையோடு. வரவே வராது என்று சொன்ன இடங்களிலிருந்துதான் முதலில் பணம் வந்தது. அந்த ஜனங்களைக் குறை சொன்ன பேச்செல்லாம் நினைத்தால் இன்றும் மனம் பொறுக்கவில்லை.

பணம் வந்ததும் முதலில் பி.எஃப். கட்டினோம். ஊழியரிடம் பிடித்ததை அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் கட்டாவிட்டால் 12 சதவீத வட்டி, அதற்கு மேல் அபராதம். நெருக்கடியில் பலர் கைவைப்பது இதில்தான், வைக்காதீர்கள். அடுத்தபடியாக ஆயர்கள் சம்பளம், கடைசியில்தான் அலுவலக வாகனச் செலவு.

ஆலய வளாகக் கடை வாடகை இன்னும் இழுபறிதான். ஒப்பந்த மூலத்தைக் காணோம். பதிவான குத்தகைகளுக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகல் கேட்டிருக்கிறோம். பத்திர எண் தெரியாவிட்டால் வில்லங்கச் சான்று போட்டு எண்ணைப் பிடியுங்கள், அப்புறம் நகலுக்கு எழுதிக் கொடுங்கள்.