கல் உடையும்போது கிளம்பும் ரேடியோ அலை

காங்கேயம் பக்கத்துக் காடுகளில் வெங்கச்சாங்கல், அதாவது குவார்ட்ஸ், நிறையக் கிடக்கும். இருட்டில் இரண்டை எடுத்து அழுத்தி உரசினால் உள்ளுக்குள்ளே மஞ்சளாக மின்னும், கருகல் வாசமும் வரும். இங்கே சின்னப் பசங்களுக்கே தெரியும் இது. ஆனால் பாறை உடையும்போது ரேடியோ அலையும் கிளம்புகிறது என்று படித்ததிலிருந்து எனக்கு வேறு நினைப்பே இல்லை.

விரிசல் ஓடும்போது அதன் இரு முகங்களிலும் மின்னூட்டம் பிரிந்து, கண நேரத்தில் சிதறி, அலையாக வெளியேறுகிறது. வெங்கச்சாங்கல் இல்லாத பாறையிலும் இது நடக்கிறது!

நிலநடுக்கத்திலும் பூமிக்குள் பாறைதான் உடைகிறது; அப்படியானால் இந்த அலையை வைத்து அதை முன்கூட்டியே சொல்ல முடியுமா? இன்றுவரை நம்பகமாக முடியவில்லை. 1900 பிப்ரவரியில் கோவையை உலுக்கிய நடுக்கம் ரிக்டரில் சுமார் 6. அதனால் இது நமக்கும் வேண்டிய ஆராய்ச்சிதான். இத்தனை கல்குவாரி இருக்கிற ஊரில், நம் கல்லூரிப் பிள்ளைகள் ஒரு ஆன்டெனா வைத்துக் கேட்டுப் பார்க்கலாமே?