ஊற்றாத மருந்துக்கு அணைந்த பச்சை

டெட்ராசைக்ளின் வகை நுண்ணுயிர்க்கொல்லியான டாக்சிசைக்ளின் ஊற்றிய செல் தட்டில் பச்சை ஒளி அணைய வேண்டும். ஊற்றாத தட்டில் அணையக் கூடாது. கோயம்புத்தூரில் முனைவர் பட்ட ஆய்வின் இரண்டாம் ஆண்டில் நான் காட்ட வேண்டியிருந்தது இவ்வளவுதான். அதற்கு ஒன்பது மாதம் ஆனது.

ஹீலா என்ற மனிதப் புற்றுநோய்ச் செல்களில், பச்சையாக ஒளிரும் ஜெல்லிமீன் புரதத்தின் மரபணுவை முன்பே பதித்து வைத்திருந்தோம். அதை டி.என்.ஏ.வை வெட்டும் கத்தரியான காஸ்9 புரதம் வெட்ட வேண்டும், ஆனால் நான் சொல்லும்போது மட்டும். எந்நேரமும் திறந்து கிடக்கும் கத்தரி வேண்டாத இடத்திலும் வெட்டும். தவிர, செல் உயிர் வாழத் தேவையான மரபணு ஒன்றைப் பின்னாளில் வெட்டிப் பார்க்க நினைத்தால், சோதனையைத் தொடங்கும் முன்பே செல் செத்திருக்கும். ஆகவே கத்தரிக்கு ஒரு பூட்டு. பாக்டீரியாவின் டெட்ராசைக்ளின் எதிர்ப்பு அமைப்பை எடுத்து, மருந்து கொடுத்தால் மரபணு அணையும்படி ஜெர்மனியின் ஹைடல்பெர்க்கில் கோசன், புஜார்ட் என்ற ஆய்வாளர்கள் 1992இல் செய்தார்கள். மருந்து கொடுத்தால் மரபணு விழிக்கும் தலைகீழ் வடிவம் 1995இல் வந்தது. நான் எடுத்துக்கொண்டது இந்த இரண்டாவது வழியில் வந்த ஒன்று.

இந்த மரபணுக்களைச் செல்லுக்குள் கொண்டுபோக, செல்லின் டி.என்.ஏ.வில் தன்னைச் செருகிக்கொள்ளும் லென்டிவைரஸ். அது சுமக்கும் எல்லை ஏறக்குறைய 9,000 மரபணு எழுத்து; காஸ்9 மட்டுமே சுமார் 4,100. பூட்டு, சாவி, வைரஸ் ஏறாத செல்களைக் கொல்லும் பியூரோமைசின் மருந்துக்கு எதிர்ப்பு என்று எல்லாவற்றையும் ஒரே வண்டியில் ஏற்றினால் கிடைக்கும் வைரஸ் குறைந்துவிடும். அதனால் எங்கே வெட்ட வேண்டும் என்று காஸ்9க்குக் காட்டும் வழிகாட்டி ஆர்.என்.ஏ.வை இரண்டாவது வைரஸில் தனியாக ஏற்றினேன்.

உயிரிப்பாதுகாப்புக் குழுவின் அனுமதி வந்ததும் வைரஸ் தயாரிப்பு. வைரஸை உருவாக்கித் தரும் 293டி செல்களுக்கு மூன்று பிளாஸ்மிட்களை (வட்ட டி.என்.ஏ.) கொடுத்து, 48ஆம் மணி நேரத்திலும் 72ஆம் மணி நேரத்திலும் வைரஸ் கலந்த மேல்நீரை எடுப்பது வழக்கம். இந்தச் செல்கள் தட்டில் அரைமனதாகத்தான் ஒட்டியிருக்கும். முதல் முறை வளர்ப்பு ஊடகத்தை நேராக நடுவில் ஊற்றினேன். பாதித் தட்டு உரிந்து மிதந்தது. பக்கச் சுவரில் பைப்பெட்டைச் சாய்த்து, சொட்டுச் சொட்டாக விட வேண்டும். இரண்டாம் முறை 0.45 மைக்ரான் வடிகட்டிக்குப் பதில் 0.22 எடுத்து, வைரஸில் பெரும்பகுதியை வடிகட்டியிலேயே விட்டேன். மூன்றாம் முறை சரியாக வந்தது. வைரஸ் செல்லுக்குள் நுழைய உதவும் பாலிபிரீனை மில்லிலிட்டருக்கு 8 மைக்ரோகிராம் சேர்த்து ஹீலா செல்களில் விட்டு, பியூரோமைசினில் பிழைத்தவற்றை வளர்த்தேன்.

தொல்லை அதற்குப் பிறகுதான். டாக்சிசைக்ளின் ஊற்றிய தட்டில் ஒரு வாரத்தில் பச்சை அணைந்தது. மகிழ்ச்சி இரண்டு நாள் கூட நிற்கவில்லை. ஊற்றாத தட்டிலும் நுண்ணோக்கியின் கீழ் அங்கங்கே கறுப்புத் திட்டுகள். வாரத்துக்கு வாரம் அவை பெருகின. எதையும் குறிவைக்காத வழிகாட்டி ஆர்.என்.ஏ. போட்ட தட்டில் பச்சை அப்படியே இருந்தது. ஆக, ஒளி தானாக மங்கவில்லை, யாரோ வெட்டிக்கொண்டிருக்கிறார்கள். பிளாஸ்மிட்டின் எழுத்து வரிசையை மறுபடி படித்துப் பார்த்தேன், சரியாக இருந்தது. வைரஸைக் குறைத்துப் போட்டேன். பைப்பெட் முனையில் மருந்து ஒட்டியிருக்குமோ என்று சந்தேகப்பட்டு, மருந்து ஊற்றாத தட்டுகளை வேறொரு இன்குபேட்டருக்கே மாற்றினேன். கறுப்பு கூடிக்கொண்டுதான் போனது.

பட்டிப் பொங்கலுக்குக் காங்கயம் பக்கத்தில் இருக்கும் ஊருக்குப் போனேன். செவலைக்கு மடிநோய். கால்நடை மருத்துவர் வந்து ஊசி போட்டுப் போயிருந்தார். அம்மா அதன் பாலைக் கறந்து நேராகக் குழியில் கொட்டிக்கொண்டிருந்தார். ஒரு சொம்பாவது தயிருக்கு எடுத்து வைக்கக் கூடாதா என்று கேட்டேன்.

“ஊசி போட்ட மாட்டுப் பால் கண்ணு. உறை விட்டாலும் தோயாது” என்றார்.

பாலில் மருந்து இறங்கினால் உறையில் இருக்கும் நுண்ணுயிர் செத்துப்போகும், தயிர் ஆகாது. சின்ன வயதிலிருந்து தெரிந்த சங்கதிதான். ஆனால் என் செல்கள் குடிப்பதும் மாட்டிலிருந்து வருகிறது என்பது அந்தக் குழியருகே நிற்கும்போதுதான் உறைத்தது. ஊடகத்தில் பத்து சதவீதம் கன்றுக் கருவின் இரத்தச் சீரம். தாய்ப்பசுவுக்குத் தீவனத்திலோ ஊசியிலோ டெட்ராசைக்ளின் போயிருந்தால், சீரத்திலும் அது கொஞ்சம் இருக்கும். புதிய பூட்டுகள் மிகக் குறைந்த மருந்துக்கே திறந்துகொள்கின்றன. கோவை திரும்பிக் கையேட்டைப் புரட்டினேன். டெட்ராசைக்ளின் இல்லாத சீரத்தையே பயன்படுத்தவும் என்று ஒரு வரி. அதற்கு அடிக்கோடு போட்டிருந்ததும் நான்தான்.

சீரத்தில் உறை விட்டுப் பார்க்க முடியாது. செல்லைத்தான் கேட்க வேண்டும். அதே செல்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்குப் பழைய சீரம், மறு பாதிக்குச் சோதித்துச் சான்றளித்த சீரம் கொடுத்தேன். இரண்டுக்கும் மருந்து கிடையாது. வெட்டுப்பட்ட செல்லில் பச்சை திரும்பி வராது என்பதால், உறைநிலையில் வைத்திருந்த பழைய குப்பியிலிருந்து புதிதாக எழுப்பிய செல்களையே எடுத்தேன். பத்தாம் நாள் பழைய சீரத்தில் வழக்கமான திட்டுகள். புதிய சீரத்தில் தேடித்தான் கறுப்பைக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

தேடினால் கிடைத்தது என்பதையும் சொல்ல வேண்டும். லென்டிவைரஸ் எங்கே செருகிக்கொள்ளும் என்பது நம் கையில் இல்லை. சுறுசுறுப்பான மரபணுவின் பக்கத்தில் விழுந்த பூட்டு மருந்தே இல்லாமல் கசியும். அதற்காக 96 குழித் தட்டில் குழிக்கு ஒரு செல் என்று பிரித்துத் தனித்தனியாக வளர்த்தேன். டாக்சிசைக்ளின் ஊடகத்தில் நாளுக்கு நாள் வலுவிழக்கும் என்பதால் இரண்டு நாளுக்கு ஒரு முறை புதிதாக ஊற்ற வேண்டும். அந்த மாதம் முழுக்க ஒரு ஞாயிறு கூட ஊருக்குப் போகவில்லை.

பன்னிரண்டு குடும்பங்கள் தேறின. அவற்றில் இரண்டுதான் மருந்தில்லாமல் ஒரு மாதம் பச்சையாகவே இருந்து, மருந்து ஊற்றிய ஒரு வாரத்தில் அணைந்தவை. இரண்டையும் திரவ நைட்ரஜனில் போட்டு வைத்திருக்கிறேன். குப்பி ஒவ்வொன்றிலும் செல்லின் பெயருக்குக் கீழே சீரத்தின் தொகுதி எண்ணையும் எழுதியிருக்கிறேன்.