வேலிக்கு அந்தப் பக்கம் கொட்டிய மக்காச்சோளம்

அமெரிக்காவில் மினசோட்டா மாநிலத்தின் தென்கிழக்குப் பகுதியில் கொஞ்சம் நிலத்தோடு வீடு வாங்கப் போகிறோம் என்று சொல்லும் தமிழர்களிடம் நான் ஒன்றைத் தவறாமல் சொல்கிறேன். கிணற்று நீரைப் பரிசோதியுங்கள், கூரையைப் பாருங்கள், அப்படியே பக்கத்து நிலத்தில் வேட்டையாடுகிறவர்கள் யார், எப்படிப்பட்டவர்கள் என்றும் விசாரித்துக்கொள்ளுங்கள். ரோச்செஸ்டருக்கு மருத்துவமனை வேலைக்கோ கணினி வேலைக்கோ வந்து, சில ஆண்டுகள் அடுக்ககத்தில் இருந்துவிட்டு, ஓக் மரங்களும் சுண்ணாம்புக்கல் குன்றுகளும் சூழ்ந்த இடங்களுக்குக் குடிபோகிறவர்கள் எங்களைப் போல நிறையப் பேர். அங்கே செப்டம்பர் நடுவில் வில்வேட்டைப் பருவம் தொடங்கிவிடும். நவம்பர் 6ஆம் தேதிக்கு மிக அருகில் வரும் சனிக்கிழமை துப்பாக்கிப் பருவம் தொடங்கும். அன்று சூரியன் உதிப்பதற்கு அரை மணி நேரம் முன்பிருந்தே சுடலாம் என்பது சட்டம். நாலா பக்கமும் சத்தம் கேட்கும்.

முதல் ஆண்டு அந்தச் சத்தம் எனக்குப் பொறுக்கவில்லை. இந்தியாவில் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு மானைச் சுடுவது சிறைக்குப் போகிற குற்றம். மானைக் கொல்கிறவன் என்றாலே திருட்டு வேட்டைக்காரன் என்று நினைத்து வளர்ந்தவளுக்கு, உரிமம் வாங்கி, குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு, ஆரஞ்சுச் சட்டையில் வரும் குடும்பங்களைப் பார்த்ததும் குழப்பம்தான் வந்தது. போகப்போக இதன் கணக்கு புரிந்தது. சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் வெண்வால் மான் அமெரிக்காவில் வேட்டையாலேயே சில லட்சங்களாகக் குறைந்து போயிருந்தது. பருவம், உரிமம், ஓர் ஆளுக்கு இத்தனை என்ற வரம்பு, 1937ஆம் ஆண்டு பிட்மன்-ராபர்ட்சன் சட்டத்தின்படி துப்பாக்கி, தோட்டா விற்பனையில் வசூலிக்கும் வரிப்பணம் எல்லாம் சேர்ந்துதான் அதை மீட்டன. இன்று ஏறத்தாழ மூன்று கோடி மான்கள் இருக்கின்றன. ஓநாய் இல்லாத எங்கள் பகுதியில் அவற்றின் எண்ணிக்கையைக் கட்டுக்குள் வைப்பது பெரும்பாலும் வேட்டைதான். எனவே எனக்கு வேட்டையோடு வழக்கு இல்லை. தீனி போட்டுச் சுடுவதோடுதான் வழக்கு.

எங்கள் பின்வேலிக்குக் கூப்பிடு தூரத்தில், அடுத்தவர் நிலத்து ஓக் மரமொன்றில் ஒரு பரண் இருந்தது. அதில் தவறு எதுவும் இல்லை. இங்கே எல்லோரும் பரணில் உட்கார்ந்துதான் வேட்டையாடுகிறார்கள். ஓர் ஆகஸ்ட் மாதம் அந்தப் பரணுக்கு எதிரே மூன்று கால்களில் நிற்கும் நீல நிறப் பிளாஸ்டிக் பீப்பாய் ஒன்று முளைத்தது. அடியில் பேட்டரியில் ஓடும் சிறு மோட்டார். சாயங்காலம் குறித்த நேரத்துக்கு அது விர்ரென்று சுற்றும், மக்காச்சோளம் நாலாபுறமும் தெறிக்கும். சில வாரங்களில் அந்தச் சத்தத்துக்கு முன்பே மான்கள் வந்து காத்திருக்கத் தொடங்கின. வேலியின் எங்கள் பக்கத்திலிருந்து தொலைநோக்கியில் பார்த்தேன். பீப்பாயைச் சுற்றிப் புல் முழுக்க அழிந்து, நெல்லடிக்கும் களம்போல் மண் இறுகிக் கிடந்தது. மணிகளுக்கு நடுவிலேயே புழுக்கை. ஒரு பெண்மான் வாயிலிருந்து எச்சில் ஒழுக மென்றுகொண்டிருந்தது. அது சிந்திய மணியை, பக்கத்தில் நின்ற புள்ளி மறையாத குட்டி நக்கி எடுத்தது. அதே இடத்தில் இன்னும் ஐந்தாறு வாய்கள்.

அந்த எச்சில்தான் எல்லாவற்றுக்கும் மையம். மான்களைத் தாக்கும் நாள்பட்ட உருக்குநோய் ஒன்று இருக்கிறது. சிடபிள்யூடி என்று இங்கே எல்லோரும் சொல்கிறார்கள். 1967ஆம் ஆண்டு கொலராடோவில் ஆராய்ச்சிக்காக அடைத்து வைத்திருந்த மான்களிடம் முதலில் கவனிக்கப்பட்டது. கிருமி அல்ல, மடிப்பு பிசகிய புரதம் மூளையை அரிக்கும் நோய். மருந்து கிடையாது, தடுப்பூசி கிடையாது, வந்த மான் பிழைத்தது கிடையாது. வெளியே தெரிய ஒன்றரை, இரண்டு ஆண்டுகள் ஆகலாம். அதுவரை நன்றாக இருப்பதுபோல் தெரியும் மான் எச்சிலிலும் சிறுநீரிலும் புழுக்கையிலும் நோயைக் கொட்டிக்கொண்டே திரியும். அந்தப் புரதம் மண்ணில் பல ஆண்டுகள் அழியாமல் கிடக்கும். மினசோட்டாவின் காட்டு மான்களில் முதல்முறையாக இது தெரியவந்தது எங்களுக்கு மிக அருகில், பைன் ஐலண்ட் பக்கத்தில், 2010 நவம்பரில் சுடப்பட்ட ஒரு மானில். பிறகு 2016இல் ஃபில்மோர் மாவட்டத்தில் தென்பட்டது. அதனால்தான் தென்கிழக்கு மாவட்டங்களில் மானுக்குத் தீனி வைப்பதே தடை. வேட்டை நோக்கம் இல்லாமல், பார்த்து ரசிப்பதற்காக வைத்தாலும் குற்றம்தான்.

தீனி போட்டு வேட்டையாடுவது மாநிலம் முழுவதும் தடை. தானியம், பழம், காய்கறி, கொட்டை, வைக்கோல் என்று மானை இழுக்கும் எதை மனிதர் கொண்டுபோய் வைத்தாலும் அது தீனி. முழுவதையும் அள்ளி அப்புறப்படுத்திய பிறகும் பத்து நாட்களுக்கு அந்த இடம் தீனி வைத்த இடமாகவே கருதப்படும். வழக்கமான விவசாயத்தில் விளைந்து நிற்கும் பயிர் இதில் சேராது.

இந்தக் கடைசி வரியைப் பிடித்துக்கொண்டுதான் பக்கத்து நிலத்துக்காரர் என்னிடம் வாதாடினார். அவர் அங்கே குடியிருப்பவர் இல்லை. வேட்டைக்காகவே அந்த இடத்தைக் குத்தகைக்கு எடுத்து, மைத்துனரோடு வார இறுதிகளில் வருகிறவர். சாலையோரம் அவருடைய வண்டியை நிறுத்திப் பேசினோம். மரியாதையாகத்தான் பேசினார். “சுற்றிலும் கண்ணுக்கு எட்டிய தூரம் சோளக்காடு. நான் போடுகிற நாலு மணியா மானைக் கெடுத்துவிடப் போகிறது?” என்று கேட்டார். கேட்பதற்கு நியாயம்போல்தான் இருக்கும். ஆனால் வயலில் மேயும் மான்கள் பல ஏக்கருக்குப் பரந்து மேய்கின்றன. பீப்பாயின் அடியில் ஒன்றின் வாய் வைத்த இடத்தில் இன்னொன்று வாய் வைக்கிறது, நாள்தோறும், அதே சாண் அளவு மண்ணில். இன்னொன்றும் சொன்னேன். பனிக்காலத்தில் மானின் வயிறு சுள்ளியும் மொட்டும் செரிக்கப் பழகியிருக்கும். திடீரென்று சோளம் கொட்டினால் இரைப்பை புளித்து, வயிறு நிறைந்திருக்கும்போதே செத்துப்போகும். கேட்டுக்கொண்டார், சிரித்தார், போய்விட்டார். பீப்பாய் அங்கேயே இருந்தது.

அடுத்துச் செய்ய வேண்டியது எங்களுக்குத் தெளிவாக இருந்ததா என்றால் இல்லை. “நமக்கு எதற்கு வம்பு? நாம் இன்னும் விசாவில் இருக்கிறோம். அவர்கள் கையில் ஆயுதம் இருக்கிறது. ஊரோடு ஒத்து வாழ் என்று சும்மாவா சொன்னார்கள்” என்றார் கணவர். அவர் பயந்தது எனக்குப் புரியாமல் இல்லை. பழுப்பு நிறத்தில், சரியாக உச்சரிக்க முடியாத பெயரோடு, ஒரு கிராமத்துச் சாலையில் தனி வீட்டில் இருக்கும் குடும்பம் நாங்கள். தமிழ் நண்பர்களிடம் கேட்டால் பாதிப் பேர் இடத்தை விற்றுவிட்டு நகருக்குள் வரச் சொன்னார்கள்.

அந்தப் பழமொழியில் ஊர் என்பது யார் என்று எனக்குக் காட்டியவர் எதிர்ப்பக்கத்துப் பண்ணைக்காரர். எழுபது வயதைத் தாண்டியவர். சிறுவனாக அப்பாவோடு காட்டுக்குப் போன நாளிலிருந்து ஒரு பருவமும் தவறவிடாதவர். அவர் சமையலறையில் காப்பி குடித்தபடி பீப்பாயைப் பற்றிச் சொன்னதும் அவர் முகம் சிவந்துவிட்டது. “அந்த மான் அவனுடையதும் இல்லை, உங்களுடையதும் இல்லை, என்னுடையதும் இல்லை. மாநிலத்து மக்கள் எல்லோருடையது. நான் குளிரில் ஆறு மணி நேரம் அசையாமல் உட்கார்ந்து, ஒன்றும் வராமல் வெறுங்கையோடு வீட்டுக்கு வருகிறேன். அவன் மானுக்கு மணி அடித்துக் கூப்பிட்டுச் சுடுகிறான். இது வேட்டையா?” என்றார். சட்டமும் அதையே சொல்கிறது: காட்டு விலங்குகளின் உரிமை மக்கள் அனைவரின் நன்மைக்காக மாநிலத்திடம் இருக்கிறது, வேலி போட்டவருக்குச் சொந்தமாகிவிடாது.

அதன்பின் கணவரும் மறுக்கவில்லை. முறைகேடான வேட்டையைத் தெரிவிப்பதற்கென்றே இந்த மாநிலத்தில் தொலைபேசி இணைப்பு இருக்கிறது. பெயர் சொல்லாமலும் தெரிவிக்கலாம். தகவல் கொடுத்ததற்காக யாருடைய விசாவுக்கும் கேடு வந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. வேலிக்கு இந்தப் பக்கம் எங்களைத் தவிர யாரும் இல்லை, மறைத்து என்ன பயன் என்று நான் பெயரைச் சொல்லிவிட்டேன். எங்கள் நிலத்துக்குள் நின்றே எடுத்த படங்கள், மோட்டார் சுற்றும் நேரம், வண்டி வந்துபோகும் நாட்கள், வேலியிலிருந்து பரண் எந்தத் திசையில் எவ்வளவு தூரம் என்ற விவரம் எல்லாம் கொடுத்தேன்.

இந்த இடத்தில் கொஞ்சம் அழுத்திச் சொல்லியாக வேண்டும். எவ்வளவு கோபம் வந்தாலும் அவர்கள் நிலத்தில் கால் வைக்காதீர்கள். பீப்பாயைக் கவிழ்க்காதீர்கள், அவர்களுடைய கேமராவைத் தொடாதீர்கள், பரணில் ஆள் இருக்கும்போது தட்டுமுட்டு உருட்டி மானை விரட்டாதீர்கள். சட்டப்படி நடக்கும் வேட்டைக்கு இடைஞ்சல் செய்வது இங்கே குற்றம். அத்துமீறி நுழைவது வேறு குற்றம். அவர் பக்கத்துத் தவறு உங்கள் பக்கத்துத் தவறாக மாறிவிடும். ஆயுதத்தோடு இருப்பவரிடம் இருட்டு நேரத்தில் போய் நியாயம் கேட்பது பற்றிச் சொல்லவே வேண்டாம்.

வந்தவர் இளம் வயது வனவிலங்குக் காவல் அதிகாரி. இங்கே அவர்கள் முழு அதிகாரம் பெற்ற காவலர்கள். எங்கள் வேலியருகே நின்று சற்று நேரம் பார்த்தார். நீதிபதியின் ஆணை இல்லாமல் அடுத்தவர் நிலத்துக்குள் எப்படிப் போவீர்கள் என்று கேட்டேன். வீட்டையும் அதை ஒட்டிய முற்றத்தையும் தாண்டிய திறந்த நிலத்துக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1924இலும், மீண்டும் 1984இலும் தீர்ப்புச் சொல்லியிருப்பதாக விளக்கினார். தீனி வைத்தது ஒரு குற்றம், அதன்மேல் உட்கார்ந்து வேட்டையாடுவது இன்னொரு குற்றம், இரண்டையும் பார்க்க வேண்டும் என்றார். இனி நீங்கள் எதுவும் செய்ய வேண்டாம், வழக்கம்போல் இருங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

வில்வேட்டைப் பருவத்தில் ஒரு காலை, அந்த ஆள் பரணில் அமர்ந்திருந்தபோதே அதிகாரி நடந்து உள்ளே போனார். வழக்குப் பதிவானது, வில்லைக் கொண்டுபோனார்கள், அன்று மாலையே பீப்பாயும் சோளமும் அள்ளப்பட்டன. பிறகு சாலையில் எதிர்ப்பட்டால் அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அந்த இலையுதிர் காலம் முழுக்க இரவில் வண்டி வெளிச்சம் தெரிந்தால் நான் சன்னலுக்கு ஓடியிருக்கிறேன். கெட்டது எதுவும் நடக்கவில்லை.

எல்லையில் அறிவிப்புப் பலகைகள் வைத்தோம். அதற்கும் முறை இருக்கிறது: எழுத்து குறைந்தது இரண்டு அங்குல உயரம், கையொப்பம் அல்லது பெயரும் தொலைபேசி எண்ணும், எல்லை தெளிவாகத் தெரியாத மரக்காட்டில் ஐநூறு அடிக்கு ஒன்று. பண்ணைக்காரர்தான் ஏணியும் சுத்தியலும் கொண்டுவந்து உதவினார். பருவ நாட்களில் தபால்பெட்டிவரை போவதென்றாலும் நாங்கள் பளிச்சென்ற நிறத்தில் மேலாடை அணிகிறோம். 2017 முதல் ஆரஞ்சுக்குப் பதில் இளஞ்சிவப்பும் செல்லும் என்பதால் மகளுக்கு அந்த நிறம்.

நவம்பரில் பண்ணைக்காரர் ஒரு மான் எடுத்தார். நோய் பரவிய பகுதி என்பதால் கழுத்து நிணநீர்க் கணுவை ஆய்வுக்குக் கொடுத்திருந்தார். மனிதருக்கு இந்த நோய் தொற்றியதாக இதுவரை உறுதிப்படவில்லை, ஆனால் நோய் கண்ட மானை உண்ண வேண்டாம் என்பது மருத்துவத் துறையின் அறிவுரை. சமைத்தாலும் அந்தப் புரதம் அழியாது. நோய் இல்லை என்று முடிவு வந்த பிறகுதான் ஒரு தொடைப்பகுதியைக் காகிதத்தில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தார். மிளகு தூக்கலாகப் போட்டு வறுத்து அவருக்கும் கொடுத்தனுப்பினேன்.

அந்தக் குத்தகை அடுத்த ஆண்டு கைமாறிவிட்டது. இப்போது வருகிறவர்கள் அப்பாவும் மகளும். செப்டம்பர் தொடக்கத்தில் எங்கள் வீட்டுக் கதவைத் தட்டி, தங்கள் தொலைபேசி எண்ணைக் கொடுத்து, பரண் எங்கே இருக்கிறது, எந்தத் திசையில் எய்ய மாட்டார்கள் என்று வரைபடம் போட்டுக் காட்டினார்கள். காயம்பட்ட மான் எங்கள் பக்கம் ஓடிவந்தால் தேடி வரலாமா என்று கேட்டார் அப்பா. வாருங்கள், வேலி தாண்டும் முன் ஒரு வார்த்தை அழைத்துச் சொல்லிவிடுங்கள் என்றேன். சென்ற பருவத்தில் ஒருமுறை அழைத்தார்கள். கணவர் கைவிளக்கை எடுத்துக்கொண்டு தேடுவதற்கு அவர்களோடு போனார்.