ஒரு கார்பாக்சில் தொகுதி கழன்றால்

குளூட்டமிக் அமிலம் என்ற அமினோ அமிலத்தின் அமைப்பைத் தாளில் வரைந்து, ஆல்ஃபா கார்பனோடு, அதாவது அமினோ தொகுதியைத் தாங்கும் கார்பனோடு, ஒட்டியிருக்கும் கார்பாக்சில் என்ற அமிலத் தொகுதியை மட்டும் அழித்தால் எஞ்சுவது காபா என்ற மூலக்கூறு. முன்னது நரம்புச் செல்லைக் கிளர்த்துகிறது, பின்னது அடக்குகிறது. இவ்விரு படங்களையும் அருகருகே வரையும் ஒவ்வொரு முறையும் எனக்கு வியப்பு புதிதாகவே வருகிறது.

இந்த உறவை முறையாக ஆராய்ந்தவர்கள் டேவிட் கர்டிஸும் ஜெஃப்ரி வாட்கின்ஸும். 1950களின் இறுதியில், கான்பெராவிலுள்ள ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தில், மயக்கமூட்டப்பட்ட பூனையின் தண்டுவடத்துக்குள் பல குழல்கள் கொண்ட நுண்ணிய கண்ணாடிப் பிப்பெட்டைச் செலுத்தி, அமினோ அமிலங்களை மின்னோட்டத்தால் சிறிது சிறிதாக வெளியேற்றி, அருகிலிருந்த செல்லின் மறுமொழியைப் பதிவு செய்தார்கள். ஓர் அமினோ தொகுதியும் இரண்டு அமிலத் தொகுதிகளும் இருந்தால் கிளர்ச்சி, ஆல்ஃபா கார்பாக்சில் நீங்கினால் ஒடுக்கம் என்ற ஒழுங்கு 1960இல் அவர்கள் வெளியிட்ட கட்டுரையில் தெளிவாகத் தெரிகிறது. அதே போல இரண்டு அமிலத் தொகுதிகள் கொண்ட அஸ்பார்டேட்டிலிருந்து அதே தொகுதியை நீக்கினால் கிடைக்கும் பீட்டா அலனினும் ஒடுக்கவே செய்தது. ஆயினும், இயற்கையான எல் வடிவத்தைப் போலவே அதன் ஆடிப் பிம்பமான டி வடிவமும் செல்லைக் கிளர்த்தியதால், குளூட்டமேட் (குளூட்டமிக் அமிலத்தின் அயனி வடிவம்) உண்மையான நரம்புக் கடத்தியாக, அதாவது நரம்புச் செல்கள் தமக்குள் செய்தி அனுப்பப் பயன்படுத்தும் பொருளாக, இருக்குமா என்று அவர்களே அன்று ஐயுற்றார்கள். கண்ட தரவுக்கு அப்பால் ஓரடியும் வைக்காத அந்த நேர்மையை நான் மதிக்கிறேன்.

வாட்கின்ஸ் பின்னர் டி அஸ்பார்டேட்டின் நைட்ரஜனில் ஒரு மெத்தில் தொகுதியைச் சேர்த்தார். அதுவே என்எம்டிஏ; குளூட்டமேட்டைப் பற்றிக்கொள்ளும் செல் புரதங்களான ஏற்பிகளில் ஒரு வகைக்கே இன்று அதன் பெயர்தான். தண்டுவடத்தில் அது குளூட்டமேட்டை விடப் பன்மடங்கு வலிமையாகச் செயல்பட்டது. ஏற்பியை அது இறுகப் பற்றுவதால் அன்று. அந்த வகையில் குளூட்டமேட்டே மேலானது. குளூட்டமேட்டை விரைவாக உள்ளிழுத்துக்கொள்ளும் கடத்துப் புரதங்கள் என்எம்டிஏவைத் தொடுவதில்லை என்பதே முக்கியக் காரணம்.

சங்கிலியின் நீளமும் பேசுகிறது. குளூட்டமேட்டை விட ஒரு கார்பன் கூடுதலாக உள்ள ஆல்ஃபா அமினோ அடிப்பேட்டின் டி வடிவம் அதே ஏற்பியைத் தடுக்கிறது. அதன் கடைசிக் கார்பாக்சிலுக்குப் பதிலாக பாஸ்போனேட் வைத்தால், மிகவும் வலிமையான தடுப்பானாகிய டி ஏபி5 கிடைக்கிறது. 1983இல் நரம்பியலாளர் காலிங்ரிட்ஜும் உடனுழைத்தோரும் ஹிப்போகாம்பஸ் என்ற மூளைப் பகுதியின் துண்டுகளில் ஏபி5ஐச் செலுத்தியபோது, நரம்பிணைப்பின் வலு நெடுநேரம் கூடி நிற்கும் நிகழ்வு தொடங்கவே இல்லை. கற்றலின் அடிப்படையாகப் பலர் கருதும் நிகழ்வு அது.

அணுக்கள் எப்படிப் பொருந்துகின்றன என்பதை குளூட்டமேட்டின் இன்னொரு வகை ஏற்பியான ஆம்பா ஏற்பியின் பிணைப்புப் பகுதியைப் படிகமாக்கி, 1998 முதல் எரிக் கூவோவின் குழு காட்டியது. அப்பகுதி சிப்பியின் இரு ஓடுகளைப் போன்றது. குளூட்டமேட் உள்ளே அமர்ந்ததும் அது சுமார் 20 பாகை மூடிக்கொள்கிறது; அந்த மூடல்தான் அயனிப் பாதையை இழுத்துத் திறக்கிறது. கடற்பாசியிலிருந்து கிடைக்கும் கைனிக் அமிலம் அமர்ந்தாலோ சுமார் 12 பாகையோடு நின்றுவிடுகிறது, பாதையும் அரைகுறையாகவே திறக்கிறது. அதன் வளையத்தில் துருத்தி நிற்கும் ஐசோபுரொப்பீனைல் தொகுதி எதிரேயுள்ள, ஏற்பிப் புரதத்தின் அமினோ அமிலங்களான டைரோசின், லியூசின் ஆகியவற்றில் முட்டிக்கொள்வதால், ஓடுகள் அதற்கு மேல் நெருங்க இடமில்லை.