எத்ரெதாவுல கடல் வரைஞ்ச மூணு நாள்

பாரிஸ்ல சாங் லசார் ஸ்டேஷன்ல ட்ரெயின் ஏறி லு ஆவ்ர் போய், அங்கேர்ந்து பஸ் பிடிச்சு எத்ரெதாவுல இறங்குறப்ப மதியம் ஆயிடுச்சு. நார்மண்டி கடலோரத்துல சின்ன ஊர். மூணு நாள் ஆயில் பெயின்டிங் கிளாஸ், முழுக்க வெளியில நின்னு கடலைப் பாத்துத்தான் வரையணும். பிரெஞ்சு ஓவியர் மோனே 1880கள்ல திரும்பத் திரும்ப வந்து வரைஞ்ச இடம்ங்கிறதாலதான் இங்க வந்தேன்.

பீச்சுல மணல் கிடையாது, எல்லாம் கூழாங்கல்லுதான், அலை திரும்புறப்ப அத்தனை கல்லும் உருண்டு கலகலன்னு ஒரு சத்தம் வரும் பாருங்க, ராத்திரி ரூம்லயும் காதுக்குள்ள அதேதான். இடது பக்கம் போர்த் தவால், வெள்ளைச் சுண்ணாம்புப் பாறை வாசல் மாதிரி வளைஞ்சு கடலுக்குள்ள இறங்குது, அதுக்குப் பக்கத்துல ஊசிப்பாறை.

முதல் நாள் பேலட்ல நீலத்தைத்தான் நிறைய பிதுக்கி வச்சேன். டீச்சர் வந்து, ப்ரஷ்ஷை கீழ வச்சிட்டு ரெண்டு நிமிஷம் சும்மா பாருங்கன்னாங்க. கரையோரம் பால் ஊத்தின மாதிரி பச்சை, சுண்ணாம்பு கலந்த தண்ணி இல்லையா, கொஞ்சம் தள்ளி சாம்பல் நீலம், மேகத்தோட நிழல் விழுந்த இடத்துல ஊதா. இவ்வளவு நாள் கடல்னா நீலம்னு மனப்பாடமா வச்சிருந்திருக்கேன், கண்ணால பாக்கவே இல்ல. கறுப்பு டியூப்பையும் வாங்கி அவங்க பையில போட்டுக்கிட்டாங்க. பாறை நிழலுக்குக் கறுப்புக்குப் பதிலா அல்ட்ராமரின் நீலம், அலிசரின் கிரிம்சன் சிவப்பு, துளி ஓக்கர் மஞ்சள், கொஞ்சம் வெள்ளை. அந்த ஊதாவுக்குப் பக்கத்துலயே வெயில் பட்ட பாறைக்கு இளமஞ்சள் வச்சதும் ரெண்டும் பளிச்சுன்னு எழுந்து நின்னுச்சு, எனக்கு உடம்பு சிலிர்த்துடுச்சு.

பெயின்ட்டை அடியில டர்பன்டைன் விட்டு நீர்க்க, மேல போகப் போக கெட்டியா. ஒரு தீத்தல் வச்சா அதோட விட்டுடணும், ஈரத்து மேல ஈரம் போட்டுத் தேய்ச்சா எல்லா கலரும் ஒண்ணாக் குழம்பி சேறாயிடும். என் முதல் கேன்வாஸ் அப்படித்தான் போச்சு, அன்னிக்கு சாப்பாடே இறங்கல.

ரெண்டாம் நாள் டீச்சர் போனை கறுப்பு வெள்ளைக்கு மாத்தி என் படத்தைக் காட்டினாங்க. லு ஆவ்ர் துறைமுகத்துல மோனே 1872ல வரைஞ்ச சூரிய உதயப் படத்தை, அதாங்க இம்ப்ரெஷனிசம்ங்கிற ஓவிய பாணிக்கே பேர் வரக் காரணமான படம், அதை இப்படிப் பாத்தா சூரியனே கிட்டத்தட்ட காணாமப் போயிடும், ஏன்னா சூரியனும் சுத்தி இருக்கிற வானமும் வெளிச்சத்துல ஏறக்குறைய ஒரே அளவு, கலர்தான் வேற. நிறம் வேற, வெளிச்ச அளவு வேறங்கிறது அப்பதான் எனக்குப் புரிஞ்சுது.

இங்க வெளிச்சம் நிக்கவே மாட்டேங்குது. காலையில பாறை முகத்துல வெயில், சாயங்காலம் அதே முகம் முழுக்க நிழல், நடுவுல கடல் வேற ஏறி இறங்குது. மோனே ஒரே காட்சிக்கு அஞ்சாறு கேன்வாஸ் தூக்கிட்டுப் போய் வெளிச்சம் மாற மாற கேன்வாஸையும் மாத்துவாராம். 1885 நவம்பர்ல கடல் ஏறுற நேரத்தைத் தப்பாக் கணக்குப் போட்டு, அலை அவரைப் பாறையில அடிச்சு, கேன்வாஸ், அதை நிறுத்துற ஸ்டாண்டு எல்லாம் போய், தாடியெல்லாம் பெயின்ட்டோட மீண்டு வந்திருக்கார். அப்புறமும் அங்கதான் வரைஞ்சார்! அதைக் கேட்டப்புறம் குளிர்காத்துல கை விறைக்குதுன்னு சொல்ல எனக்கு வாய் வரல.

கடைசி நாள் காலைக்கு ஒண்ணு, சாயங்காலத்துக்கு ஒண்ணுன்னு ரெண்டு கேன்வாஸ். நுரையை மட்டும் கடைசியில கத்தியால வெள்ளையை அள்ளி ஒரே இழுப்பு. ஈரப் படம் ரெண்டையும் எதிரெதிரா வச்சு, நாலு மூலையிலயும் கார்க் கொடுத்து, கயிறு கட்டி மடியில வச்சே ஊர் வரைக்கும் கொண்டு வந்தேன்.

மூணு வாரம் ஆச்சு. நுரை வெள்ளை இன்னும் காயல, நகம் பட்டா பள்ளம் விழுது, தினம் காலையில எழுந்ததும் லைட் போடாம ஜன்னல் வெளிச்சத்துல முதல்ல அதைத்தான் போய் பாக்குறேன்.