ஏரிக்கரையா, மலைப்பாதையின் வாசலா? கிழக்குச் சியராவில் கூடாரம் போட இடம் தேடியது

கலிபோர்னியாவின் கிழக்குச் சியரா மலைகளில் முகாமிட இடம் தேடுகிற எல்லோரும் முதலில் பார்ப்பது ஏரி தெரிகிறதா என்பதைத்தான். முன்பதிவுத் தளத்தில் வரும் படங்களும் அதையே காட்டுகின்றன: நீலத் தண்ணீர், பின்னால் பனிக்கோடுகள் படிந்த சிகரம், முன்னால் மடக்கு நாற்காலி. நான் வேறொன்றைப் பார்க்கச் சொல்வேன். மலைப்பாதை எங்கே தொடங்குகிறது? கூடாரத்திலிருந்து காரை எடுக்காமல், நடந்தே அந்த இடத்துக்குப் போய்விட முடியுமா? இந்தக் கேள்விக்கு "ஆம்" என்று பதில் வருகிற முகாம்தான் மலைக்கு வந்ததன் முழுப் பலனையும் தருகிறது.

நாங்கள் போனது ஆகஸ்டில். சான் ஹோசேயிலிருந்து நானும் கணவரும் பத்து வயது மகனும், கும்பகோணத்திலிருந்து வந்து எங்களோடு தங்கியிருந்த அப்பாவும். அப்பாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. தினமும் விடியற்காலையில் மகாமகக் குளத்தைச் சுற்றி நடக்கிறவர் என்பதால் நடையைப் பற்றி எனக்குக் கவலை இருக்கவில்லை. உயரத்தைப் பற்றித்தான் கவலை. கும்பகோணம் கடல்மட்டத்தை ஒட்டிய ஊர். ஊட்டியே 2,240 மீட்டர்தான். நான் பட்டியல் போட்டு வைத்திருந்த முகாம்களோ 2,300 மீட்டரில் தொடங்கி 2,950 மீட்டர் வரை போயின. பகலில் உயரம் ஏறி இறங்குவது ஒன்று, அங்கேயே படுத்துத் தூங்குவது வேறு. தலைவலியும் குமட்டலும் பெரும்பாலும் முதல் இரவில்தான் வந்து சேரும். அப்பாவின் மருத்துவரிடம் கேட்டு, அவர் சம்மதம் சொன்ன பிறகுதான் முன்பதிவே செய்தேன். முதலில் தாழ்வான முகாம், பிறகு உயரமானது என்ற வரிசையும் அப்போதே முடிவாகிவிட்டது.

யோசெமிட்டி வழியாகப் போய், 3,031 மீட்டர் உயரமுள்ள டயோகா கணவாயைக் கடந்து இறங்கினால் 395-ஆம் நெடுஞ்சாலை வருகிறது. குளிர்காலம் முழுவதும் பனியால் அடைபட்டுக் கிடக்கும் கணவாய் இது. பல ஆண்டுகளில் மே கடைசியிலோ ஜூனிலோதான் திறக்கும். நெடுஞ்சாலையில் தெற்கே திரும்பினால் ஜூன் லேக், மேமத் லேக்ஸ், கன்விக்ட் ஏரி, ராக் க்ரீக் என்று வலது கைப் பக்கமாக ஒன்றன்பின் ஒன்றாக மலைக்குள் போகும் சாலைகள் பிரிகின்றன. எல்லாமே இன்யோ தேசிய வனத்தைச் சேர்ந்தவை. இடது பக்கம் வறண்ட சேஜ் புதர்க்காடு, வலது பக்கம் செங்குத்தாக எழும் மலைச்சுவர். ஒரே சாலையின் இரு கரைகள் இவ்வளவு மாறுபட்டு இருப்பதை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

ஜூன் லேக் பக்கம் குழந்தைகளுக்கு மிகவும் ஏற்றது. ஓ ரிட்ஜ் முகாம் ஏரிக்கு மேலே திறந்த மேட்டில் இருக்கிறது. கீழே இறங்கினால் மணற்கரையில் நீந்தலாம். நிழல் குறைவு. நல்ல மலைப்பாதைகளுக்குக் காரில்தான் போக வேண்டும். நடை முக்கியம் என்பவர்கள் அதே சாலையில் இன்னும் உள்ளே போய் சில்வர் லேக் முகாமைப் பார்க்கலாம். அங்கிருந்து ரஷ் க்ரீக் பாதை தொடங்கி, அணை கட்டிய மேல் ஏரிகளுக்கு ஏறுகிறது. நாங்கள் மதியச் சாப்பாட்டுக்கு மட்டும் நின்று, மகனைத் தண்ணீரிலிருந்து இழுத்துக்கொண்டு கிளம்பினோம்.

முதல் தங்கல் கன்விக்ட் ஏரி. 1871-இல் நெவாடாவின் கார்சன் சிட்டி சிறையிலிருந்து தப்பிய கைதிகளில் சிலர் இந்தப் பள்ளத்தாக்கில் ஒளிந்துகொண்டார்கள். துரத்தி வந்தவர்களுக்கும் அவர்களுக்கும் நடந்த துப்பாக்கிச் சண்டையில் ராபர்ட் மாரிசன் என்பவர் கொல்லப்பட்டார். ஏரிக்குக் கைதிகளின் பெயரும், அதன் தலைக்கு மேல் நிற்கும் சிகரத்துக்கு மாரிசனின் பெயரும் நிலைத்துவிட்டன. முகாம் ஏரியை ஒட்டி இல்லை. சற்றுக் கீழே, ஓடைக்கரையில், சேஜ் புதர்களுக்கு நடுவே இருக்கிறது. பகலில் வெயில் நேராக இறங்குகிறது. பிற்பகலில் பள்ளத்தாக்கின் வாயிலிருந்து காற்று கிளம்பினால் கூடாரத்தின் துணி படபடவென்று அடிக்கிறது. ஆணிகளை மண்ணில் ஆழ அறைந்து, அதன்மேல் கல்லும் வைப்பது நல்லது. அழகை மட்டும் எடைபோட்டால் இந்த முகாமை யாரும் முதலிடத்தில் வைக்கமாட்டார்கள். ஆனால் உயரத்துக்கு உடம்பைப் பழக்க வந்தவர்களுக்கு இதைவிட நல்ல இடம் இந்தப் பகுதியில் இல்லை. ஏரியைச் சுற்றி நான்கு கிலோமீட்டர் அளவுக்குப் பெரிய ஏற்றமில்லாத பாதை ஓடுகிறது. அப்பா தன் வழக்கமான வேகத்திலேயே நடந்தார்.

அந்தப் பாதையில் நடப்பவர்கள் ஏரியைப் பார்ப்பதோடு நிற்காமல், எதிரே இருக்கும் பாறைச்சுவரையும் நின்று பார்க்க வேண்டும். சியராவின் பெரும்பகுதி சாம்பல் கிரானைட். இங்கே இருப்பதோ அந்தக் கிரானைட்டைவிடப் பல கோடி ஆண்டுகள் முந்தையது. கடலடியில் படிந்த மண்டியும் மணலும் இறுகிப் பாறையாகி, பிறகு அழுத்தத்தில் மடிந்து சுருண்டு நிற்கின்றன. சிவப்பும் வெள்ளையும் கருஞ்சாம்பலுமாக வரிகள் அலையலையாக ஏறி வளைகின்றன. மகன் ஒரு வரியை விரலால் காற்றில் தொடர்ந்துகொண்டே போய், அது எங்கே முடிகிறது என்று தாத்தாவிடம் காட்டிக்கொண்டிருந்தான்.

அடுத்து மேமத் லேக்ஸ் ஊருக்கு மேலே இருக்கும் ஏரிப் படுகை. இடம் தேர்ந்தெடுப்பதில் உண்மையான சிக்கல் இங்கேதான். சில கிலோமீட்டருக்குள் ட்வின் லேக்ஸ், லேக் மேரி, லேக் ஜார்ஜ், கோல்ட்வாட்டர் என்று முகாம்கள் நெருக்கமாக இருக்கின்றன. ட்வின் லேக்ஸ் எல்லாவற்றிலும் தாழ்ந்தது. மேலேயுள்ள லேக் மேமியின் தண்ணீர் அருவியாக விழுவதைக் கூடாரத்திலிருந்தே பார்க்கலாம். லேக் ஜார்ஜ் சிறிய முகாம், கிரிஸ்டல் க்ராக் என்ற கூர்ப்பாறை ஏரிக்கு நேர் மேலே நிற்கிறது. படம் எடுக்கிறவர்கள் அதைத்தான் விரும்புவார்கள், அதில் தவறும் இல்லை. கிரிஸ்டல் ஏரிக்கான பாதையும் அங்கேயே தொடங்குகிறது.

நான் தேர்ந்தெடுத்தது கோல்ட்வாட்டர். ஏறத்தாழ 2,700 மீட்டர் உயரம். இங்கிருந்து எந்த ஏரியும் தெரியாது. லாட்ஜ்போல் பைன் மரங்களுக்கு நடுவே, ஓடையின் ஓசை கேட்கும் முகாம். அவ்வளவுதான். ஆனால் முகாம் சாலை முடியும் இடத்தில் டக் கணவாய்ப் பாதையும் எமரால்டு ஏரிப் பாதையும் தொடங்குகின்றன. 1920-களின் இறுதியில் தங்கம் தோண்டிய மேமத் கன்சாலிடேட்டட் சுரங்கத்தின் பழைய கட்டடங்களும் இயந்திரங்களும் அங்கேயே சிறு நடை தூரத்தில் இருக்கின்றன. கோடையில் அந்த வாகன நிறுத்துமிடம் காலையிலேயே நிரம்பிவிடுகிறது. ஊரிலிருந்து வருகிறவர்கள் இடம் கிடைக்காமல் சுற்றிச் சுற்றி வருவதைப் பார்த்தேன். முகாமில் இருக்கிறவர்கள் காபி குடித்த கையோடு பாதையில் கால் வைக்கலாம். இது சோம்பலுக்கான வசதி இல்லை. ஜூலை, ஆகஸ்டில் பிற்பகல் இடிமழை வரக்கூடிய மலை இது. மேகம் திரளுமுன் கணவாயிலிருந்து இறங்கிவிட வேண்டும் என்றால் சீக்கிரம் கிளம்புவதைத் தவிர வழி இல்லை.

கோல்ட்வாட்டரில் ஒவ்வொரு இடத்துக்கும் தடித்த இரும்புப் பெட்டி ஒன்று உண்டு. கரடிக்காக வைத்தது. கலிபோர்னியாவில் இப்போது இருப்பவை கருங்கரடிகள் மட்டும்தான். அவற்றின் மோப்ப சக்தி நாம் நினைப்பதற்கெல்லாம் அப்பாற்பட்டது. சாப்பாடு மட்டுமல்லாமல் பற்பசை, சோப்பு, முகப்பூச்சு, குப்பைப் பை என்று வாசனை உள்ள எல்லாமே பெட்டிக்குள் போக வேண்டும். காரில் எதையும் விட்டுவைக்கக் கூடாது, கதவைப் பிய்த்துவிடும். தாழ்ப்பாள் கைப்பிடி ஒரு தகட்டுக்குள் மறைந்திருக்கிறது. மனித விரல் உள்ளே நுழைந்து தூக்கினால் திறக்கும், கரடியின் பாதம் நுழையாது. சாம்பார்ப் பொடி, நெய், பெருங்காயம் எல்லாவற்றையும் அப்பா ஒழுங்காக அடுக்கி வைத்தார். இந்த விஷயத்தில் நம்மவர்கள் அலட்சியம் காட்டக் கூடாது என்று மன்றாடியே கேட்டுக்கொள்வேன். மனிதரின் உணவுக்குப் பழகிப்போன கரடி திரும்பத் திரும்ப வரும். கடைசியில் அதைக் கொல்ல வேண்டிய நிலை வந்துவிடும். நாம் வெளியே விட்டுவைத்த ஒரு டப்பாவுக்கு அது உயிரை விலையாகக் கொடுக்கிறது.

சமையல் பற்றி ஒரு வார்த்தை. இந்த உயரத்தில் தண்ணீர் ஏறத்தாழ 91 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. பாத்திரத்தில் துவரம் பருப்பைப் போட்டு எவ்வளவு நேரம் கொதிக்கவிட்டாலும் விதைவிதையாகவே நிற்கும். சிறிய குக்கர் ஒன்றைக் கொண்டுபோவது இங்கே ஆடம்பரமே இல்லை. எரிவாயு மிச்சமாகும், சோறும் பருப்பும் வீட்டில் வேகிற மாதிரியே வேகும். குளியலறை கிடையாது, குழாய்த் தண்ணீரும் கழிப்பறையும் உண்டு. ஆகஸ்டிலும் இரவில் ஐந்து டிகிரியை ஒட்டிக் குளிர் இறங்குவதால் அப்பாவுக்குக் கம்பளித் தொப்பியும் கூடுதல் போர்வையும் எடுத்துப் போயிருந்தோம்.

டக் கணவாய்ப் பாதை நான் நடந்த பாதைகளிலேயே மிகவும் தாராளமானது. பல கணவாய்களில் நாள் முழுக்க ஏறி, உச்சியில் போய்த்தான் ஏதாவது பார்க்கக் கிடைக்கும். இங்கே இரண்டு கிலோமீட்டரில் ஆரோஹெட் ஏரி, மூன்றில் ஸ்கெல்டன், அதற்குமேல் பார்னி. பிறகு பாறைச் சரிவில் திரும்பித் திரும்பி ஏறினால் 3,290 மீட்டர் அளவில் கணவாய். அந்தப் பக்கம் இறங்கினால் டக் ஏரி. யாருக்கு எங்கே போதும் என்று தோன்றுகிறதோ அங்கே திரும்பலாம். பகல் நடைக்கு அனுமதிச் சீட்டு வேண்டாம். உள்ளே இரவு தங்குவதற்குத்தான் வேண்டும், ஏனென்றால் பாதை சிறிது தூரத்திலேயே ஜான் மியூர் காட்டுப்பகுதிக்குள் நுழைந்துவிடுகிறது.

ஸ்கெல்டன் ஏரியில் சூரியன் அப்போதுதான் மேல் சுவரைத் தொட்டிருந்தது. தண்ணீர் ஓரத்தில் ஒரு கை ஆழத்தில் கற்கள் ஒவ்வொன்றும் தெளிவாகத் தெரிந்தன. சிறு ட்ரவுட் மீன்கள் கற்களின் நிழலிலிருந்து வெளியே வருவதும் எங்கள் நிழல் விழுந்ததும் திரும்புவதுமாக இருந்தன. அப்பா ஷூவைக் கழற்றிக் காலை நனைத்தார். ஐந்து நொடிகூட வைத்திருக்க முடியவில்லை. "ஏம்மா, இது போன மாசம் வரைக்கும் பனியாக இருந்த தண்ணீர்தானே?" என்று கேட்டார். ஆம், 2023 கோடையில் வந்திருந்தால் ஜூலையிலும் இந்த இடம் பனிக்கடியில்தான் இருந்திருக்கும். அந்தக் குளிர்காலத்தில் மேமத் மலையில் விழுந்த பனி, இதுவரை பதிவான எல்லா அளவுகளையும் மிஞ்சியது. கணவரும் அப்பாவும் அங்கிருந்தே திரும்பினார்கள். நானும் மகனும் கணவாய் வரை போனோம். மறுநாள் அப்பாவுக்காகவே எமரால்டு ஏரி: ஓடையை ஒட்டி ஒன்றரை கிலோமீட்டர் அளவு, காட்டுப்பூக்கள் நிறைந்த வழி.

ஏரிப் படுகைக்கு வருகிறவர்கள் ஹார்ஸ்ஷூ ஏரியையும் பார்க்க வேண்டும். இந்தப் படுகையில் நீந்த அனுமதி உள்ள ஒரே ஏரி அதுதான். அதன் கரையில் ஒரு பெரிய பரப்பு முழுக்க மரங்கள் பட்டை உரிந்து, சாம்பல் நிறத்தில் எலும்பாக நிற்கின்றன. தீப்பட்ட காடு என்றுதான் முதலில் தோன்றும். கரி எங்கும் இல்லை. 1989-இல், எரிமலையான மேமத் மலைக்கடியில் பல மாதங்கள் தொடர்ந்து சிறு நிலநடுக்கங்கள் ஏற்பட்டன. அடுத்த ஆண்டு மரங்கள் சாகத் தொடங்கின. எரிமலைக் குழம்பிலிருந்து வெளியேறும் கார்பன் டை ஆக்சைடு மண்ணில் நிறைந்து, வேர்களுக்கு ஆக்சிஜன் கிடைக்காமல் செய்துவிட்டது. இந்த வாயு காற்றைவிடக் கனமானது. பள்ளங்களிலும் பனிக்குழிகளிலும் தேங்கும். மணமோ நிறமோ கிடையாது. அங்கிருந்த முகாமை வனத்துறை மூடியதற்கும் இதுவே காரணம். எச்சரிக்கைப் பலகைகள் தெளிவாக இருக்கின்றன. குழந்தைகளைக் குழிகளில் இறங்கவோ தரையில் படுக்கவோ விடக் கூடாது. சமமான தரையும் நல்ல நிழலும் ஏரியும் இருந்தால் மட்டும் ஒரு இடம் கூடாரத்துக்கு ஏற்றதாகிவிடாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

ராக் க்ரீக் பள்ளத்தாக்கைக் கடைசியாக வைத்திருந்தோம். மஸ்கிடோ ஃப்ளாட் என்ற இடம் வரை தார்ச்சாலை போகிறது. அது 3,100 மீட்டருக்கு மேல். அங்கே தொடங்கும் லிட்டில் லேக்ஸ் பள்ளத்தாக்குப் பாதை முன்பு டங்ஸ்டன் சுரங்கத்துக்குப் போன வண்டிப்பாதை என்பதால் ஏற்றம் மிகவும் மென்மையாக இருக்கிறது. மேக், மார்ஷ், ஹார்ட், பாக்ஸ், லாங் என்று ஏரிக்கு ஏரி வந்துகொண்டே இருக்க, எதிரே பேர் க்ரீக் ஸ்பையர் சிகரம் கடைசி வரை கண்ணைவிட்டு மறைவதில்லை. லாங் ஏரி வரை அப்பாவும் வந்தார். உயரத்துக்குப் பழகிய பிறகு இங்கே வந்தது எவ்வளவு உதவியது என்பதை அவர் மூச்சிலேயே தெரிந்துகொண்டேன். ராக் க்ரீக் ஏரி முகாம் 2,950 மீட்டர் அளவில் இருக்கிறது. நேராகக் கடலோர ஊரிலிருந்து வந்து அங்கே படுப்பதை வயதானவர்களோடு செய்ய வேண்டாம். சாலையில் சற்றுக் கீழே உள்ள ஈஸ்ட் ஃபோர்க் நல்லது. ஆஸ்பென் மரங்கள் சூழ்ந்தது, செப்டம்பர் கடைசியில் அவை மஞ்சளாகும்.

கோடை முகாம்களுக்கான முன்பதிவு பெரும்பாலும் ஆறு மாதங்களுக்கு முன்பே, மேற்குக் கரை நேரப்படி காலை 7 மணிக்குத் திறக்கிறது. வெள்ளி, சனி இரவுகள் கண்மூடித் திறப்பதற்குள் போய்விடுகின்றன. கொசுத் தொல்லை ஜூன் கடைசியிலிருந்து ஜூலை முழுக்க இருக்கும், ஆகஸ்ட் நடுவில் குறைந்துவிடும். ஆகவே பிப்ரவரி நடுவில் உட்கார்ந்து, ஆகஸ்ட் நடுவாரத்துக்குப் பார்ப்பது என் வழக்கமாகியிருக்கிறது. ஞாயிறு மாலை வந்து வியாழன் காலை கிளம்பச் சம்மதிப்பவர்களுக்குக் கோல்ட்வாட்டரில் ஓடையோர இடமே கிடைத்துவிடும்.