காரணத்தையும் சேர்த்து அனுப்பியிருக்கலாம்

2021-இல் கொரோனாவுக்கு அடுத்தபடியாக என் தூக்கத்தைக் கெடுத்தது கோவிஷீல்ட் தடுப்பூசியின் இரண்டாம் தவணைத் தேதி. மதுரை மாவட்டத்தில் கிராம சுகாதார செவிலியராக வேலை பார்க்கிறேன். வீடு வீடாகப் போய் ஆட்களை முகாமுக்கு அழைத்து வந்தவர்களில் நானும் ஒருத்தி.

ஜனவரியில் திட்டம் தொடங்கியபோது 4 முதல் 6 வாரத்தில் இரண்டாம் ஊசி என்றார்கள். மார்ச் 22 அன்று அது 6 முதல் 8 வாரமானது. மே 13 அன்று 12 முதல் 16 வாரம். இடைவெளி கூடினால் பாதுகாப்பும் கூடுகிறது, பிரிட்டனில் அப்படித்தான் தெரியவந்திருக்கிறது என்பது விளக்கம். நம்பத்தகுந்த காரணம்தான். ஆனால் அது வந்து சேர்ந்த வேளை, முகாம் வாசலில் 'தடுப்பூசி இருப்பு இல்லை' என்று எழுதி ஒட்டிக்கொண்டிருந்த வேளை. மருந்து இல்லாததால் நாளைத் தள்ளுகிறார்கள் என்று ஊர் முடிவு கட்டிவிட்டது. மறுத்துச் சொல்ல என் கையில் ஒரு தாள்கூட இல்லை.

ஜூன் 7 அன்று இன்னொரு உத்தரவு: படிப்புக்கும் வேலைக்கும் வெளிநாடு போகிறவர்களுக்கு 28 நாள் ஆனதும் இரண்டாம் தவணை போடலாம். "துபாய்க்குப் போகிற பையனுக்கு 28 நாள் போதும், எனக்கு மட்டும் 84 நாளா சிஸ்டர்?" என்று டீக்கடைக்காரர் எல்லோர் முன்னிலையிலும் கேட்டார். நியாயமான கேள்வி. அந்தப் பையனுக்குப் பயணத்துக்கு முன் சான்றிதழ் வேண்டும், 28 நாளில் போட்டாலும் பலன் உண்டு, அவசரமில்லாதவர் பொறுத்திருந்தால் பலன் கூடும் என்று நானே கோத்துச் சொன்னேன். சொல்லிக்கொடுத்து அனுப்பியிருக்க வேண்டிய பதில் அது.

எனக்கு இன்றும் ஆறாதது கர்ப்பிணிகள் விஷயம். ஜனவரி முதல் அவர்களுக்குக் கூடாது என்று வாசல்தோறும் சொன்னோம். ஜூலை 2 அன்று போடலாம் என்று அனுமதி வந்தது. இடையில் இரண்டாம் அலை வந்து போயிருந்தது. எட்டு மாதக் கர்ப்பிணி ஒருத்தியின் மாமியார் திண்ணையை விட்டு எழுந்திருக்காமலே கேட்டார்: "கூடாது என்றதும் நீதான், போடு என்பதும் நீதான். பிள்ளைக்கு ஒன்று ஆனால் யாரம்மா வந்து நிற்பது?" முதல் ஆய்வுகளில் கர்ப்பிணிகளைச் சேர்க்கவில்லை, அதனால்தான் அப்போது பொறுக்கச் சொன்னோம். பிறகு பிற நாடுகளில் லட்சக்கணக்கான கர்ப்பிணிகள் போட்டுக்கொண்டார்கள், நோய் வந்தால் கர்ப்பிணிக்கு ஆபத்து அதிகம் என்பதும் தெரிந்தது. இதைச் சொல்லி முடிப்பதற்குள் அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். 'இன்னும் பார்த்து முடிக்கவில்லை, முடிந்ததும் வந்து சொல்கிறோம்' என்று ஜனவரியிலேயே சொல்லியிருந்தால், ஜூலையில் என்னை வாக்குக் காப்பாற்ற வந்தவளாகப் பார்த்திருப்பார்.

ஊரடங்குத் தளர்வுகளிலும் இதே கதைதான். ஜூன் 14 அன்று எங்கள் மாவட்டம் உட்பட 27 மாவட்டங்களில் டாஸ்மாக் திறந்தது. கோயில்கள் பூட்டியே கிடந்தன. கூட்டம் சேரக்கூடாது என்று நான் பேசிய பேச்சை அதன்பின் யார் காதில் வாங்குவார்கள்? டிசம்பரில் ஊசி போடாதவர்களுக்குப் பொது இடங்களில் அனுமதியில்லை என்று மதுரையில் அறிவிப்பு. அடுத்த மாதமே, சம்மதம் இல்லாமல் யாருக்கும் போடச் சொல்லவில்லை என்று மத்திய அரசு உச்ச நீதிமன்றத்தில் சொன்னது. இரண்டும் ஒரே டிவியில் ஒரே வீட்டுக்குள் வந்தன.

புதிய நோய்க்கு விதிகள் மாறத்தான் செய்யும். மாறாமல் இருந்தால்தான் பயப்பட வேண்டும். நான் கேட்பது, அடுத்த முறை உத்தரவோடு தமிழில் ஒரு பக்கம்: நேற்று ஏன் அப்படிச் சொன்னோம், இன்று ஏன் மாற்றுகிறோம், எது இன்னும் தெரியவில்லை. அந்தப் பக்கம் டிவியில் செய்தி ஓடுவதற்கு முந்தின நாளே செவிலியர் கைக்கும் ஆஷா பணியாளர் கைக்கும் வந்து சேர வேண்டும்.